மலையிலிருந்து இறங்கிய சொற்கள்

கேமரன் மலை என்றதும் நம் பல்கலைக்கழக நண்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்ட்ராபெரி. அடுத்தது அவித்த சோளம், கள்ளிச்செடி, பிரிஞ்சாங் இரவுச் சந்தை, பிறகு தேயிலைச் சரிவின் முன்னால் நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படம். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு சங்கம் பேருந்து பிடித்துக்கொண்டு மேலே போய் வருகிறது. போய் வந்தவர்கள், “நல்ல குளிர்” என்கிறார்கள். நானும் தலையாட்டுவேன். அந்தப் புகைப்படங்களில் பின்னணியாக நிற்கும் பச்சைச் சரிவு என் அப்பாயியின் நாற்பது ஆண்டு உழைப்பு என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் பேச்சு நின்றுவிடும். ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெட்டாலிங் ஜெயாவில். அப்பா பிறந்தது ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை என்றால் மலையேற்றம்தான். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வளைவு, வளைவு, இன்னும் வளைவு. லத்தா இஸ்கண்டார் அருவியருகே வண்டி நிற்கும், தங்கை வாந்தியெடுப்பாள், சாலையோரம் பூர்வகுடி மக்கள் காட்டுத்தேனும் பெத்தாயும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் கண்ணாடியை இறக்கினால் காற்றின் வாசமே மாறிவிட்டிருக்கும்.

பலர் கேமரன் மலையை ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே போகும் வழியில் முதலில் ரிங்லெட், அதற்கும் மேலே ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா, அதைத் தாண்டினால் பிரிஞ்சாங். இவை மூன்றும் சிறு நகரங்கள். இவற்றைச் சுற்றித்தான் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் சிதறிக் கிடக்கின்றன. தானா ராத்தா என்றால் மலாயில் சமதரை. ஏறி ஏறிக் களைத்தவர்களுக்குக் கொஞ்சம் தட்டையான இடம் கிடைத்த மகிழ்ச்சியில் வைத்த பெயராக இருக்கும் என்று அப்பா சிரிப்பார். மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் வெகுகாலம் பேராக்கிலிருந்துதான் ஏற வேண்டியிருந்தது. சிம்பாங் பூலாய் வழியும் பேராக்கிலிருந்து வருவதே. அது 2000களின் தொடக்கத்தில்தான் திறந்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புத்தகங்களில் இருப்பதுதான். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்தார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. இந்த உயர்நிலத்தை 1925-இல் வந்து பார்த்த சர் ஜோர்ஜ் மேக்ஸ்வெல் இங்கே ஒரு மலைவாசத் தலம் அமைக்கலாம் என்றார். அதன்பின் தாப்பாவிலிருந்து சாலை போடும் வேலை தொடங்கி 1930களின் தொடக்கத்தில் வண்டிகள் மேலே வந்தன. 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினர் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே செமாய் மக்கள் இங்கே இருந்தார்கள். மலையை யாரும் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த மக்களிலிருந்து ஒருவர் நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 2019-இல் நடந்த கேமரன் மலை இடைத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் படிவத்தில் எங்களுக்குப் புவியியல் இடுபணி கொடுத்தார்கள். நான் கேமரன் மலையை எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றிலும் மேலே சொன்ன பெயர்கள் இருந்தன. காட்டை வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சொல்லாக இருந்தார்கள்: தொழிலாளர்கள். சில புத்தகங்களில் அதற்கு முன்னால் ‘இந்தியத்’ என்று சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் எனக்கு இரவில் கால் பிடித்துவிடச் சொல்லும் அப்பாயி.

அப்பாயி பிறந்தது 1944-இல், ஜப்பான்காரன் காலத்தில். அவரது அப்பா சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணியோடு வந்து முதலில் பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்து, பிறகு மலைக்கு ஏறியவர். இப்படி ஆள் சேர்த்துக் கப்பலேற்றும் முறை 1938-இல் நின்றது; இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. ஆகவே மலைத் தோட்டங்கள் தொடங்கி பத்து ஆண்டுகள் ஆவதற்குள் ஊரிலிருந்து புது ஆள் வருவது நின்றுபோனது. அதன்பின் தோட்டத்துக்குத் தேவையான கைகளைத் தோட்டமே பெற்று வளர்க்க வேண்டும். அப்பாயி அப்படி வளர்ந்தவர். 14 வயதில் கூடை தூக்கினார்.

அவர் சிறுமியாக இருந்தது அவசரகாலம். தோட்ட வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்ததையும், மாலையானால் வாசற்கதவு பூட்டப்பட்டதையும் இன்றும் சொல்வார். “சோத்தப் பொட்டலங் கட்டி வெளிய கொண்டு போவக் கூடாது பாப்பா. கம்யூனிஸ்டுக்குக் குடுத்துடுவோமுன்னு பயம். நமக்கே சோறு பத்தல, இதுல அவனுக்கு எங்க குடுக்கறது?” இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

இனி வேலையைப் பற்றி. நான் எழுத வந்ததே இதைத்தான்.

விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். பெரட்டு என்பது ஆங்கிலத்துப் பரேடு என்ற சொல் தோட்டத்து வாயில் விழுந்து உருண்டு வந்தது. எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, மண்டோர் பெயர் வாசித்து யார் எந்த மலை, எந்த நெரை என்று சொல்வார். நெரை என்றால் செடி வரிசை. கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் போக வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் வேலைக்குத் தயார். இடுப்புச் சாக்கு இல்லாவிட்டால் பனியில் நனைந்த செடி வயிற்றோடு உரசி, அரை மணி நேரத்தில் சேலை முழுக்க ஈரமாகிவிடும். கிளை குத்தும் வேறு. மழை வந்தால் கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தள்ளினால் தலையிலிருந்து முதுகு வரை மூடும் முக்காடு போல ஆகிவிடும், அதுதான் கொங்காணி. எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு நாள் அரிசிச் சாக்கை எடுத்து எனக்குச் செய்து காட்டினார். மூன்று வினாடிகூட ஆகவில்லை. நான் நான்கு முறை முயன்றும் அது சாக்காகவேதான் இருந்தது.

தேயிலையை விட்டால் மரமாக வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் தட்டையாக நிறுத்தி வைத்திருப்பது பறிப்பவரின் கையும் வெட்டுபவரின் கத்தியும்தான். மேலே தெரியும் அந்தச் சமமான பச்சைப் பரப்புக்கு மட்டம் என்று பெயர். மட்டத்துக்கு மேலே வந்த இரண்டு இலையையும் நடுவிலுள்ள மொட்டையும் மட்டும் கிள்ள வேண்டும். அதுதான் கொழுந்து. மட்டத்துக்குக் கீழே கை போனால் செடி மெலியும். மேலேயே விட்டுவிட்டால் இலை முற்றி முத்தலாகும். முத்தலைக் கூடையில் போட்டால் மண்டோர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு கையாலும் பறித்து, உள்ளங்கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும், கூடைக்குள் விழும். ஒரே நெரைக்கு மூன்று வாரம் கழித்துத்தான் திரும்ப வருவார்கள். அதற்குள் புதுக் கொழுந்து வந்திருக்கும். இப்படிப் பறித்த பச்சை இலை ஏறத்தாழ ஐந்து கிலோ இருந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். அந்த ஐந்து கிலோவில் எத்தனை ஆயிரம் கிள்ளல் இருக்கிறது என்று நண்பர்கள் அடுத்த முறை தே தாரேக் குடிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணிதத் துறை நண்பர்களாவது முயலட்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள். கவாத்து என்பார்கள். அது ஆண்கள் வேலை. கவாத்து முடிந்த மலை மொட்டைக் குச்சிகளாக நிற்கும். செத்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். சில மாதங்களில் மறுபடி தழைக்கும். 1930களில் நட்ட செடிகளில் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள் என்றால் அதற்குக் கவாத்துதான் காரணம். என் தம்பி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால், “கவாத்து வெட்டுன செடி மாரி வந்து நிக்கிறான் பாரு” என்பார் அப்பாயி.

இது ஏதோ வேடிக்கைக்காகச் சொன்ன உவமை அல்ல. அப்பாயியின் பேச்சு முழுக்கவே இப்படித்தான் இருக்கும் என்பதை நான் கொஞ்சம் தாமதமாக, பல்கலைக்கழகத்தில் மொழியியல் பாடம் எடுத்த பிறகு கவனிக்கத் தொடங்கினேன். அரசாங்க மருந்தகத்தில் ஒருவர் வரிசையில் குறுக்கே புகுந்தால், “நெரை மாறிப் பூந்துட்டான்” என்பார். வீட்டுச் செலவு கணக்குக்குள் நின்றால், “மட்டத்துக்கு வந்திருச்சி”. கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசினால் சொல்லும் ‘முத்தல்’ என்ற சொல்லை நான் இங்கே விளக்கப் போவதில்லை. எனக்கு 22 வயதாகிறது. தேயிலை எட்டாத தூரத்தில், எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் உலகத்தைத் தேயிலைச் சொற்களால்தான் அளக்கிறார்.

தோட்ட வாழ்க்கையை நான் இனிப்பாக்கிச் சொல்லவில்லை. அட்டை ஏறாத கால் இல்லை. மழை நாளில் பறித்த இலையை நிறுவையில் வைத்தால் ஈரத்துக்கென்று கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது கிராணியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்பது அப்பாயியின் தீர்ப்பு. குளிரில் குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் நெஞ்சைவிட்டு இறங்காது. அப்பாவுக்கு மூத்த பெண் குழந்தை ஒன்று அப்படித்தான் ஆறு மாதத்தில் போனது. அந்தக் குழந்தையின் படம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. என் தங்கைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவுக்கு அருகில் ஒரு பங்களாவிலிருந்து ஜிம் தோம்சன் என்ற அமெரிக்கர் நடக்கப் போனவர் திரும்பவில்லை. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெரும்புகழ் பெற்றவர். போலீஸ், பூர்வகுடி வழிகாட்டிகள் எனப் பெரும் தேடல் நடந்தது. அவரைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, படங்கள் வந்தன. இன்றும் சுற்றுலா வழிகாட்டிகள் அந்தக் கதையைச் சொல்லாமல் மலையிலிருந்து யாரையும் இறங்கவிடுவதில்லை. அப்பாயிக்கு அந்தத் தேடல் நன்றாக நினைவிருக்கிறது.

அவருக்கு இன்னொன்றும் நினைவிருக்கிறது. 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் பாதிப் பேரிடம் சிவப்பு அடையாள அட்டைதான். இங்கேயே பிறந்தவர்கள்கூடச் சுதந்திரத்துக்கு முன் பிறந்திருந்தால் பிறப்புப் பத்திரம் தேடி, மனு எழுதி, அலுவலகம் ஏறி இறங்கித்தான் குடியுரிமை வாங்க வேண்டும். தாத்தா கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். தமக்கும் அப்பாயிக்கும் முன்கூட்டியே நீல அட்டை வாங்கி வைத்திருந்தார். அப்பாயியின் அக்கா வீட்டுக்காரர் வாங்கவில்லை. நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 60,000 பேர் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ‘திரும்பினார்கள்’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அப்பாயியின் அக்கா இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. அவர் திரும்பிப் போகவில்லை, போனார்.

1970-இல் அக்கா குடும்பம் ரிங்லெட்டிலிருந்து பஸ் ஏறித் தாப்பா ரோட்டில் ரயில் பிடித்து, பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலில் போனது. அப்பாயி நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றில் என் அப்பா. பஸ் நிறுத்தம் வரைதான் போக முடிந்தது. அக்கா இடுப்பிலிருந்த சாக்கை அவிழ்த்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, “அங்க குளிராதாம்டி” என்றாராம். அதன்பின் நான்கைந்து கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. காணாமல் போன ஒரு வணிகரைத் தேட அத்தனை பேர் காட்டுக்குள் போனார்கள். அப்பாயியின் அக்காவைத் தேட யார் போவது? எந்தத் திசையில் போவது?

அடுத்த தலைமுறை மலையைவிட்டு இறங்கியது. அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அப்பா எஸ்பிஎம் முடித்து 1989-இல் சுங்கைவே தொழிற்பேட்டையில் மின்னணுச் சாமான் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். சித்தப்பா ஈப்போவுக்குப் போனார். அத்தை கிள்ளானுக்கு மருமகளாகப் போனார். அப்பாயி 55 வயதில் ஓய்வு பெற்று, ரிங்லெட்டில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தாத்தாவோடு இருந்தார். தாத்தா போன பிறகு, 2019-இல், அப்பா போய் அழைத்து வந்துவிட்டார். அவர் வர விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, “இந்த ஊருல மனுசன் எப்பிடிடா மூச்சு விடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். விரலால் கிள்ளுவது அரிதாகிவிட்டது. பை இணைத்த பெரிய கத்தரி வந்தது. சரிவு அனுமதிக்கும் இடத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் தேயிலை பறிப்பவரின் பிள்ளை எத்தனை பேர்? பண்ணையில் கணக்கு எழுதுபவர், லோரி ஓட்டுபவர், விடுதியில் வேலை செய்பவர், கடை வைத்திருப்பவர் ஆகியோரின் பிள்ளைகள்தாம் அதிகம். அது நல்லதுதான். யாருடைய பிள்ளையும் அட்டைக்கடி படவேண்டும் என்று நான் எழுதவில்லை.

என் மனக்குறை வேறு. மலையில் பாரம்பரியம் என்று காட்டப்படுவது என்ன? 1930களில் கட்டிய ஸ்மோக்ஹவுஸ் விடுதியின் கருப்பு வெள்ளைச் சுவர், கொடி படர்ந்த தோட்டம், ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும், பழைய லேண்ட்ரோவர் வண்டிகள். அழகாகத்தான் இருக்கின்றன; ஸ்கோன் எனக்கும் பிடிக்கும். ஆனால் வெயிலுக்குப் பயந்து மேலே வந்த துரைமார் தங்கள் ஊர் நினைவில் கட்டிய வீடு பாரம்பரியம் என்றால், குளிருக்குப் பயந்துகொண்டே அறுபது எழுபது ஆண்டு அங்கே வாழ்ந்தவர்களின் லயத்து வீடும் பாரம்பரியம்தானே? பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி சுவாமி கோயில் இருக்கிறது. கோபுரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கோயில் கட்டியவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளில் எத்தனை இன்னும் நிற்கின்றன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2013 அக்டோபரில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்றுவெள்ளம். காட்டை வழித்துப் பண்ணை போட்டால் மண் அணைக்குள்தான் வந்து சேரும் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். மலையில் மண்ணும் நிற்பதில்லை, மனிதரும் நிற்பதில்லை என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் அதிகம் பேசாதவர்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் அப்பாயியை மேலே அழைத்துச் சென்றோம். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பழைய மலையை ஒரு தடவை பார்க்க வேண்டும். தோட்டத்துச் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தினோம். சரிவில் நான்கைந்து இளைஞர்கள் கத்தரியோடு நின்றார்கள். சாலைக்குப் பக்கத்து நெரையில் இருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாயி கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாங்க முடியாமல், தமிழில், “ஏப்பா, மட்டம் பாத்து வெட்டு, கீழ போவுது” என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கத்தரியை ஒரு விரற்கடை உயர்த்திக்கொண்டான்.

மலாயில் பேச்சுக் கொடுத்தேன். வங்காளதேசத்தவன், வந்து நான்கு ஆண்டு ஆகிறது. மட்டம் என்றால் தெரியுமா என்றேன். தெரியுமே என்றான். வேறென்ன தெரியும்? கொளுந்து, நெரே, கவாத்து என்று விரல் மடக்கி அடுக்கினான். யார் சொல்லிக் கொடுத்தது? முன்பிருந்த கிழவர் மண்டோர். அவர் இப்போது இல்லை. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம் என்றான். பிறகு அவன் என்னைக் கேட்டான்: “இதெல்லாம் மலாய்ச் சொல் இல்லையா?”

தமிழ் என்றேன். அவன் அப்பாயியைப் பார்த்துச் சிரித்தான். அப்பாயி தம் கைப்பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார். “ஒல்லியா இருக்கான், பாவம், எந்தப் புள்ள பெத்ததோ” என்று வண்டியில் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் ஊரில் அவன் அம்மா பஸ் நிறுத்தம் வரைதான் வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதத் தொடங்கினேன். அப்பாயி சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள், கீழே அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் வாக்கியம். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் இதை அவர் வாய்மொழி கெடாமல் என்னால் எழுத முடிகிறது. எஸ்பிஎம் தமிழுக்கு இடைநிலைப்பள்ளியில் பாட நேரம் இல்லாததால் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக் கொடுத்த ஆசிரியையை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இதுவரை 143 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. சில அகராதியில் இருக்கின்றன, ஆனால் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சில எதிலும் இல்லை. அப்பாயிக்கு இந்த வேலையில் பெரிய நம்பிக்கை கிடையாது. “கூடையே போயிருச்சி, கயித்த வச்சி என்னா பண்ணப் போற?” என்கிறார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வரும்: “பாப்பா, இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சி, எளுதிக்க.”

இதைப் படிக்கும் நண்பர்களிலும் நம் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர்களிலும் மலையில் வேர் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். புளூ வேலி, சுங்கை பாலாஸ், ஹாபு, போ, பாரத் என எந்தப் பக்கமானாலும் சரி, வீட்டில் கூடை தூக்கிய பெரியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டுச் சங்கத்தின் வழி எனக்கு எழுதுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சொல் மாறுகிறது என்பதை இப்போதுதான் கண்டுகொண்டிருக்கிறேன். பனி ஈரம் படாமல் இடுப்பில் சுற்றுவதை என் அப்பாயி ‘இடுப்புச் சாக்கு’ என்கிறார்; சுங்கை பாலாஸ் பக்கத்துத் தோழி ஒருத்தியின் பாட்டி ‘படங்கு’ என்கிறாராம். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர்?